கைக்குழந்தையோடு மலையில் முதல் வருடம்: கீழே பிரசவம் முடித்து மேலே வரும் அம்மாக்களுக்கு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் வழக்கம் இதுதான். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு. அது பெரும்பாலும் மேட்டுப்பாளையம், காரமடை, கோவை என்று கீழேதான் இருக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்கோ ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ ஏறி வர வேண்டும். வந்த அன்றிலிருந்து எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "பச்சைப் புள்ள, குளிர் தாங்குமா?"

குளிரைச் சமாளிப்பது சுலபம். ஒரு துணி கூடப் போட்டால் முடிந்தது. மலையில் குழந்தையைப் படுத்துபவை ஈரமும் புகையும் காற்றில்லாமல் அடைத்து வைத்த அறையும்தான். குளிருக்குப் பயந்து நாம் செய்கிற பல காரியங்கள் இந்த மூன்றையும்தான் கூட்டிவிடுகின்றன. கீழே சொல்லியிருப்பதை அந்தக் கணக்கில் படியுங்கள். கொடைக்கானலும் ஊட்டியைப் போலவே 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் பழனி மலைக்காரர்களுக்கும் இது பொருந்தும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் குளிர் குறைவு, ஆனால் ஆடி மழை அதிகம். அவர்கள் துணி காயவைக்கும் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படிக்கலாம்.

1. கீழே இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ் குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவாகும். 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிந்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். மேலே வந்த பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த மறுபடி கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். அதனால் கையில் வாங்கியதும் அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த எண்), தடுப்பூசி அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியில் தவணை பாக்கி இருந்தால் அதற்கும் இந்த பிக்மி எண்தான் வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை இருக்கும் குழந்தை என்றால் மலை ஏறலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் வண்டி ஏற்பாடு செய்யாதீர்கள். நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்த உயரம் பொதுவாகத் தொந்தரவு தராது.

2. மலை ஏறும் நாள்

காலையில் கிளம்புங்கள். மாலை நாலு மணிக்கு மேல் மிஸ்ட் இறங்கினால் டிரைவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் பதற்றம். ஏப்ரல், மே சீசனில் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். மலர்க் கண்காட்சி நேரத்தில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். நெரிசலில் மாட்டினால் எப்போது வீடு சேர்வோம் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்றால் குன்னூர் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

வாய்ப்பு இருந்தால் பின் சீட்டில், பின்பக்கம் பார்த்த மாதிரி பொருத்தும் குழந்தை இருக்கை நல்லது. முன் சீட்டில் மடியில் வைத்து வருவது கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறுகிறோம். காது அடைப்பது பெரியவர்களுக்கே தெரியும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் குழந்தைக்குக் காது அதிகம் வலிக்கும். சப்பி விழுங்கினால் அடைப்பு விடும். அதற்காக வளைவில் வண்டி ஓடும்போதே பால் கொடுக்காதீர்கள். வழியில் இரண்டு இடத்தில் ஓரமாக நிறுத்தி, பால் கொடுத்து, ஏப்பம் வரவைத்துவிட்டுக் கிளம்புங்கள். கொண்டை ஊசி வளைவில் குழந்தை வாந்தி எடுப்பதைவிட அம்மா எடுப்பதுதான் அதிகம். கிளம்பும் முன் வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

3. குழந்தை இருக்கப்போகும் அறை

வீட்டில் எந்த அறைக்குக் காலை வெயில் வருகிறதோ அதுதான் குழந்தை அறை. அது ஹாலாக இருந்தாலும் சரி. மலை வீடுகளில் மண்ணை ஒட்டிய பின்பக்கச் சுவர் வருடம் முழுக்க ஓதம் அடிக்கும். அந்தச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போடாதீர்கள். பீரோவை நகர்த்திப் பின்னால் பாருங்கள். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால், குழந்தை வருவதற்கு முன்பே பிளீச்சிங் கலந்த தண்ணீரில் துடைத்து, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டுக் காயவிடுங்கள்.

வெயில் வந்ததும் தினமும் ஒரு மணி நேரமாவது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். "காத்து அடிச்சா சளி பிடிக்கும்" என்று அத்தையோ பாட்டியோ கட்டாயம் சொல்வார்கள். சளியைக் கொண்டுவருவது கிருமி, அதுவும் மூச்சு முட்டும் அறையில்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாராளமாகப் பரவும்.

அடுத்தது கணப்பு. இதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். கரி அடுப்பு, விறகுத் தணல் எதையும் படுக்கை அறைக்குள் கொண்டுவரக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி 2024-இலும் வந்தது. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதுவும் இதே ஆபத்துதான். வெளியே மாற்றும்வரை, தண்ணீரைப் பிடித்து அணைத்துவிட்டு, காற்றோட்டமான வேறு இடத்தில் குளிப்பாட்டுங்கள்.

மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளலாம். குளிப்பாட்டுவதற்கு அரை மணி முன்பும், தூங்கப்போகும் முன்பும் போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுங்கள். இரவு முழுக்க ஓடினால் குழந்தைக்கு மூக்கு காய்ந்து அடைக்கும். ஹீட்டர் மேல் துணி போட்டுக் காயவைக்கும் பழக்கமும் வேண்டாம்.

மழைக்காலத்தில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. ராத்திரி கரண்ட் போய்க் குழந்தையும் சில்லிட்டிருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழந்தையின் சட்டையைக் கழற்றி, டயப்பரும் குல்லாவும் மட்டும் விட்டு, உங்கள் வெறும் மார்போடு சேர்த்து வைத்து, மேலே இரண்டு பேருக்கும் சேர்த்து ஷால் போர்த்துங்கள். முகம் மூடாமல், தலை ஒரு பக்கம் திரும்பி இருக்கட்டும். இந்தக் கங்காரு முறையில் ஏறும் சூடு எந்த ஹீட்டரிலும் ஏறாது. நீங்கள் விழித்திருக்கும்வரை இப்படி வைத்திருங்கள். தூக்கம் வந்தால் குழந்தையை வேறு ஆளிடம் மாற்றிக் கொடுங்கள்.

4. எத்தனை துணி?

நீங்கள் அந்த அறையில் என்ன போட்டிருக்கிறீர்களோ அதைவிட ஒன்று கூட. அவ்வளவுதான் கணக்கு. உடம்பை ஒட்டிப் பருத்தி, அதற்கு மேல் கம்பளி. கம்பளி நேராகத் தோலில் பட்டால் அரிக்கும், பிள்ளை ஏன் அழுகிறது என்றே தெரியாது.

கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கைக்குழந்தைக்கு அது சாதாரணம். உங்கள் புறங்கையைக் குழந்தையின் வயிற்றிலோ முதுகிலோ வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சில்லிட்டிருந்தால் உடனே சூடேற்ற வேண்டும். பிடரி வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்ற வேண்டும். நம் ஊரில் வேர்ப்பதுதான் அதிகம் நடக்கிறது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ரஜாய் என்று போட்டு, வேர்த்து, அந்த வேர்வை ஈரத்தில் பிள்ளை நனைந்து கிடக்கும்.

தூங்கும்போது மல்லாந்து படுக்க வையுங்கள். கனமான ரஜாயும் தலையணையும் பக்கத்தில் வேண்டாம், நாடா கட்டும் குல்லாவைக் கழற்றிவிடுங்கள். கைவிட்டுப் போடும் ஸ்லீப்பிங் பேக் மார்க்கெட்டில் கிடைக்கிறது, உதறிப் போட முடியாது என்பதால் இரவுக்கு அதுவே வசதி. சேலைத் தூளி கீழ்நாட்டு வெயிலுக்கானது, அடியில் காற்று ஓடும். மலையில் அதுவே முதுகைச் சில்லிட வைக்கும். பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போதும்.

5. துணி காயவைப்பது

மலையில் பிள்ளை வளர்ப்பதில் பாதி வேலை இது. ஜூன் தொடங்கினால் கூடலூர்ப் பக்கமும் ஊட்டியிலும், ஐப்பசி தொடங்கினால் குன்னூர், கோத்தகிரியிலும், கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே தொங்கும். எந்த மாதத்தில் மேலே வருகிறீர்களோ அதற்குத் தகுந்த மாதிரி நாப்கின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கீழே இருந்ததைப் போல இரண்டு மடங்கு வைத்திருந்தாலும் தாராளம் என்று சொல்ல முடியாது.

குழந்தைக்கு என்ன பரிசு வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் வெள்ளிக் கொலுசு வேண்டாம், ஸ்பின் போடும் மெஷின் வேண்டும் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். காலையில் சுடுதண்ணீரில் அலசி, இரண்டு முறை ஸ்பின் போட்டு, கேஸ் அடுப்பு இருக்கும் சமையலறையில் அடுப்புக்குத் தள்ளி உயரமாகக் கொடி கட்டிக் காயப்போடலாம். விறகு அடுப்பு என்றால் அங்கே போடாதீர்கள். புகை துணியில் ஏறி அப்படியே குழந்தையின் மூக்குக்குப் போகும். கடைசியில் அயர்ன். மேலே ஆவி வருவது நிற்கும்வரை இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்பதை விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியாது, நம் விரலே எப்போதும் சில்லென்றுதானே இருக்கிறது. நாப்கினின் தடித்த தையல் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு கட்டினால் தொடை இடுக்கில் சிவந்து, சுற்றிலும் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் வரும். அது பூஞ்சைத் தொற்று. பவுடர் போட்டால் கூடும். மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சை மருந்துக் களிம்பும் காய்ந்த துணியும்தான் வைத்தியம். உங்கள் உள்ளாடைக்கும் இதே விதிதான், ஈரப் பிரா போட்டால் காம்பில் புண் வரும்.

வெளியூருக்கும் இரவுக்கும் டயப்பர் போடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பயன்படுத்தியதைப் பேப்பரில் சுற்றித் தனியாகக் குப்பை வண்டியில் கொடுங்கள். தேயிலைக் காட்டில் வீசினால் நாயும் குரங்கும் இழுத்துப் போடும், வாசனைக்குக் கரடி வந்தாலும் ஆச்சரியமில்லை.

6. எண்ணெய், குளியல், தைலம்

தினமும் தலைக்கு ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் போதும், மற்ற நாள் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடலாம். நேரம் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள். தேங்காய் எண்ணெய் இங்கே பெரும்பாலும் உறைந்தேதான் இருக்கும். கிண்ணத்தில் எடுத்து வெந்நீரில் வைத்து உருக்கி, உங்கள் மணிக்கட்டில் சூடு பார்த்துத் தடவுங்கள். மூக்கில், காதில், தொப்புளில் எண்ணெய் விடுவதும், வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும், மூக்கில் ஊதுவதும் வேண்டாம். குளித்ததும் காட்டும் சாம்பிராணியும் புகைதான். சடங்குக்காகக் காட்டியே ஆக வேண்டும் என்றால் பூஜை அறையில் காட்டட்டும்.

நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய நீலகிரித் தைலம் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். இரண்டு வயதுக்குள் மார்பிலும் வேண்டாம், முதுகிலும் வேண்டாம், தலையணையில் நாலு சொட்டும் வேண்டாம். அதன் நெடி சின்னக் குழந்தையின் மூச்சுக் குழாயைச் சுருக்கும். வாய்க்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வரலாம். கற்பூரம் கலந்த பாம் வகைகளும் அப்படியே. பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஊட்டியில் எந்த வீட்டிலும் அது ஜன்னல் திட்டில்தான் நிற்கும்.

7. பாலும், பால் கொடுப்பவளும்

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர், உரை மருந்து, தேன் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரையிலுமே கூடாது, மலைத்தேன் சுத்தமானது என்பது இதற்குப் பதிலாகாது. ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். கொடைக்கானல் மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. ஆனால் பால் ஊறுவது பிள்ளை சப்பச் சப்பத்தான்.

குளிரில் தாகம் தெரியாது. அதோடு "பிள்ளை பெத்தவ தண்ணி அதிகம் குடிக்கக் கூடாது" என்ற பத்தியமும் சேர்ந்தால் மலச்சிக்கலும் தலைவலியும்தான் மிச்சம். கட்டிலருகே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கட்டும், பால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு டம்ளர். பால் கட்டினால் கொடுப்பதற்கு முன் சூடான துண்டு ஒத்தடம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். பெரும்பாலோர் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

நாள் கணக்கில் மிஸ்ட், சாலையிலிருந்து அறுபது படி இறங்கினால் வரும் வீடு, சீசனில் டாக்சி ஓட்டப் போய் நள்ளிரவில் திரும்பும் கணவர். இந்தச் சூழலில் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைத் தொடவே பிடிக்காமை என்று நீண்டால் அது நோய், மருந்து இருக்கிறது. செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

8. ஊசி, சொட்டு மருந்து

மேலே வந்த வாரமே உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் அட்டையைக் காட்டிப் பெயர் சேர்த்துவிடுங்கள். புதன்கிழமை ஊசி நாள். 6, 10, 14-ஆவது வாரங்கள், அப்புறம் ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, அதோடு வைட்டமின் ஏ. மழை என்று ஒரு வாரம் தள்ளிப்போனால் அடுத்த புதனே போங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

மேகமூட்டமும் சுற்றிய துணியுமாகக் குழந்தை மேல் வெயில் படுவதே அபூர்வம். வைட்டமின் டி சொட்டு மருந்து தினம் 400 யூனிட், ஒரு வயது வரை. கடையில் ஒரு மில்லியில் 400 யூனிட், 800 யூனிட் என இரண்டு வகையும் இருப்பதால் பாட்டில் மாறும்போது அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பாடு

ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் குழையாது. குழந்தைச் சாப்பாட்டைக் குக்கரிலேயே வையுங்கள், கீழே வைப்பதைவிட இரண்டு விசில் கூட. குடிக்கிற தண்ணீரும் கிண்ணம், ஸ்பூனும் ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும்.

ராகிக் கூழ், குழைந்த பருப்பு சாதம், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, கேரட், நன்றாக வெந்த முட்டை. பழனி மலை விருப்பாச்சி வாழை கிடைத்தால் மசித்துக் கொடுக்க அதைவிட நல்ல பழம் இல்லை. அங்கன்வாடியில் சத்துமாவு தருவார்கள், வாங்குங்கள். முதலில் இரண்டு மூன்று ஸ்பூன், பிறகு மெல்ல அரைக் கிண்ணம். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை தேவையில்லை. பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கவும் வேண்டாம். பச்சைக் கேரட் துண்டைக் கடிக்கக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

10. வேலைக்குத் திரும்பும்போது

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பிய பிறகு பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. கேட்டு வாங்க வேண்டியது. மருந்தடித்த காட்டில் பச்சைத் தேயிலை பறித்துவிட்டு வந்தால் சட்டையை மாற்றி, கையையும் மார்பையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். பீய்ச்சி வைத்த பால் வெளியில் நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் வரை.

11. சளி வந்தால்

வரும். மூக்கு அடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை, பால் கொடுப்பதற்கு முன் இரண்டு மூக்கிலும் விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால். ஆவி பிடிக்க வைக்காதீர்கள். இருமல் சிரப் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சுக் கலந்த இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்த பிறகு, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

நெஞ்சில் கர்கர் என்று சத்தம் கேட்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. போனில் டைமர் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது என்பதால் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரி வராது. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. இரண்டு மாதத்துக்குள் என்றால் இன்னொரு முறை எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலமாவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினால் எழாதது, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல்: இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். எஸ்டேட் லைன் வீட்டிலோ ஹட்டியிலோ (படுகர் ஊரிலோ) இருந்தால் வண்டி வாசல் வரை வராது. எஸ்டேட் பெயர், டிவிஷன், பக்கத்திலுள்ள பஸ் நிறுத்தம், சாலையில் எந்த இடத்தில் காத்திருப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி இப்போதே கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் போனை எடுப்பது யாராக இருந்தாலும் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சிக்னல் வீட்டின் எந்த மூலையில் கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.